துட்டி கேட்க வந்தவள்

செங்கரட்டுப்பட்டிக் கண்மாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. நடந்தது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். மாசி மாதமே வெயில் சித்திரையைப் போல அடித்தது. வெடித்துக் கிடந்த கரிசலில் மண்வெட்டியைப் போட்டால் கட்டி பெயராமல் கைதான் விண்ணென்று தெறித்தது. காலையில் வந்ததும் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். அது முடிந்ததும் பாதிப்பேருடைய மண்வெட்டிக்குத் தானாகவே காம்பு ஆட ஆரம்பித்துவிடும்.

சீனியம்மாள் அந்த ரகம் இல்லை. அவள் சட்டியைத் தலையில் வைத்தால் கஞ்சி நேரம்வரைக்கும் இறக்கமாட்டாள். வேலை செய்கிற நேரத்தில் நினைப்பு வராது என்பது ஒரு காரணம். மகள் பாண்டிமீனா வெட்டுப்பட்டுச் செத்து எட்டு வருசமாகிறது. எட்டு வருசமாக அவள் இப்படித்தான் நினைப்பை மண்ணோடு மண்ணாகக் கரையில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குக் கஞ்சிக்கு உட்காரும்போது கருவேல மரத்தடியில் பேச்சு சட்டென்று நின்றது. சீனியம்மாள் தூக்குச்சட்டியோடு வரவும், வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு கரையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு மட்டும் நகர்ந்து இடம் விட்டாள். அவளுக்கு மனசில் ஒன்று இருந்தால் வாயில் நிற்காது.

"மதினி, ஒனக்கு ஒண்ணுந் தெரியாதா? ஒம்மகன் காளை ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் என்னத்தச் சொல்லுவான். போன் போட்டா வேலையா இருக்கேன்னு வச்சுருவான்."

"நம்ம மீனாப்புள்ள கதைய படமா எடுத்துருக்காக மதினி. எட்டு பாகமாம். முந்தாநாளுல இருந்து போன்ல ஓடுது. ஊரே பாத்துருச்சு."

சீனியம்மாளுக்கு முதலில் கோபம் வரவில்லை. அதுதான் வேடிக்கை. செத்த பிள்ளையை இன்னும் நாலு பேர் நினைத்துப் பார்க்கிறார்களே என்று நெஞ்சு ஒரு நிமிசம் குளிர்ந்தது.

"எம்புள்ள கதையையா? பேரு என்ன போட்டுருக்காக?"

"பேரெல்லாம் மாத்திட்டாக. ஆனா பஸ்ஸு, எறங்குற விலக்கு ரோடு, வேலை பாத்த ஜவுளிக்கடை எல்லாம் அப்படியே இருக்கு." தங்கப்பொண்ணு குரலைத் தாழ்த்தினாள். "மதினி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அன்னைக்குச் சாயங்காலம் மீனா ஒனக்கு போன் போட்டுச்சா? அப்பாவ விலக்குக்கு அனுப்புன்னு கேட்டுச்சா?"

வாய்க்குக் கொண்டுபோன கஞ்சி அப்படியே கையில் நின்றது. அந்தப் போன் விசயம் இந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். போலீசுக்குச் சொன்னதில்லை. கோர்ட்டில் சொன்னதில்லை. புருசன் மொக்கையனுக்குச் சொன்னதில்லை.

"காட்டு," என்றாள்.

தங்கப்பொண்ணு முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு போனைக் காட்டினாள். பாண்டிமீனாவாக வந்த பெண் நல்ல சிவப்பு. கொன்றவனாக வந்தவன் பார்க்க ராசா மாதிரி இருந்தான். அவனுக்கு ஒரு பாட்டு. தாயில்லாப் பிள்ளையாகக் கஷ்டப்பட்டு வளர்ந்தான் என்று ஒரு கதை. அவன் அரிவாளை எடுக்கும்போது ஒரு வசனம் பேசுகிறான், அதை ஊரில் இளவட்டங்கள் போனில் வைத்துக்கொண்டு திரிகிறார்களாம். மீனா பின்னாலேயே திரிந்து வெட்டிவிட்டு ஜெயிலில் கிடக்கிற அந்தப் பயலுக்கு இம்புட்டு அழகும் அறிவும் எங்கேயிருந்து வந்தது என்று சீனியம்மாளுக்கு விளங்கவில்லை.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. படத்தில் ஒரு அம்மாக்காரி டிவி முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. 'அம்மா, அவன் பஸ்ஸுக்குப் பின்னாடியே வாரான்மா, அப்பாவ வரச் சொல்லும்மா' என்று மகள் அழுதாள். 'நாடகம் முடியப்போகுதுடி, வெளிச்சந்தானே, நடந்து வா' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அந்த அம்மாக்காரி டிவியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ அப்படியா மதினி சொன்ன?" என்றாள் தங்கப்பொண்ணு. அவள் கேட்டது குத்திக்காட்ட இல்லை. ஆனாலும் சுற்றி இருந்த பத்துப் பெண்களும் கடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை யார் மூடுவது.

சீனியம்மாள் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு வியாழக்கிழமை. மொக்கையன் பேரையூர்ப் பக்கம் மக்காச்சோள மூடை ஏற்றப் போயிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான். அதற்குள் அந்த இடத்தை மட்டுமாவது படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். கொலைகாரனை ராசாவாகக் காட்டிக்கொள்ளட்டும், தன்னை மூதேவியாகக் காட்டிக்கொள்ளட்டும். போன் வந்தது என்பது மட்டும் மொக்கையனுக்குத் தெரியக்கூடாது. அந்த மனுசன் மார்ச்சுவரி வாசலில் சுவரில் தலையை முட்டி முட்டிச் சொன்ன ஒரே வார்த்தை இன்னும் அவள் காதில் கிடக்கிறது. 'ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா ஓடிப்போயிருப்பேனே.'

யார் சொல்லியிருப்பார்கள் என்று அவள் யோசிக்கவே வேண்டியதில்லை. போன வருசம் பங்குனியில் அந்தப் பிள்ளை வந்திருந்தது.

நூல்சேலை கட்டி, செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றது. இருபத்தேழு வயது இருக்கும். மீனா இருந்தால் அந்த வயதுதான். 'பாண்டிமீனாவோட அம்மாவா?' என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டது. 'நான் யாருன்னா...' என்று ஆரம்பித்ததைச் சீனியம்மாள்தான் தடுத்தாள்.

"நீ யாருன்னு சொல்ல வேணாந்தா. துட்டி கேக்க வந்தவுகள யாரு எவருன்னு கேக்கக்கூடாது."

அந்த ஊர் வழக்கம் அது. சாவுக்கு வரமுடியாதவர்கள் எத்தனை வருசம் கழித்து வந்தாலும், முதல் தடவை படி ஏறும்போது துட்டி கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. வெறுங்கையோடு வருவார்கள். கையைப் பிடித்து உட்காருவார்கள். வீட்டுக்காரி நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும், வந்தவர்கள் கேட்டு அழ வேண்டும். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். பகையாளியே வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவர்கள் உறவு. சீனியம்மாள், ஜவுளிக்கடையில் மீனாவோடு வேலை பார்த்த பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை அழுதது. மூக்கைச் சிந்தி அழுதது. அதைப் பார்த்ததும் சீனியம்மாளுக்கு உள்ளே எதுவோ உடைந்துவிட்டது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஏழு வருசம் அடைத்து வைத்திருந்ததைக் கொட்டிவிட்டாள். மீனா போன் போட்டதையும், அப்பாவை அனுப்பு என்று கெஞ்சியதையும், மொக்கையன் ரெண்டு நாள் கண்முழித்து மூடை தூக்கிவிட்டு வந்து அப்போதுதான் அசந்து படுத்திருந்ததையும் சொன்னாள். 'ஒங்க அப்பன் இப்பத்தான் கண்ணசந்திருக்காரு, எழுப்ப மாட்டேன், வெளிச்சந்தான, சனத்தோட சனமா வா' என்று தான் சொன்னதையும் சொன்னாள். 'இத நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லத்தா' என்று சொல்லி அந்தப் பிள்ளையின் மடியிலேயே விழுந்து அழுதாள்.

அந்தப் பிள்ளை ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போனது. சீனியம்மாள் அன்றைக்கு ரெண்டு வாய்ச் சோறு கூடச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கல்லுப்பட்டி வந்து பஸ் ஏறி, காளவாசலில் இறங்கினாள். மகன் காளை அங்கே ஒரு டூவீலர் பட்டறையில் வேலை பார்க்கிறான். கை முழுக்க கிரீசோடு வெளியே வந்தவன் அம்மாவை நேருக்கு நேர் பார்க்கவில்லை. ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவுமாக ஆரன் சத்தம் காதைப் பிளந்தது.

"பாத்துட்டியாடா?"

"பட்டறையே பாத்துருச்சு. இது ஒங்க ஊருதானடான்னு கேக்குறாங்கெ. அந்த நாயி பேசுற வசனத்த என் மூஞ்சிக்கு முன்னாடியே ஒருத்தன் பேசுறான், ஸ்பேனரத் தூக்கி எறிஞ்சுட்டேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "எம்மா, போன் வந்தது நெசமா?"

"நெசந்தான்."

"எனக்கு அடிச்சிருக்கலாம்ல? நான் வந்துருப்பேன்ல?"

அவன் அப்போது கப்பலூரில் வேலைக்கு இருந்தான். வண்டியை முறுக்கினால் அரைமணி நேரம். இந்தக் கணக்கைச் சீனியம்மாள் எட்டு வருசமாகப் போட்டுப் பார்த்துவிட்டாள். சீட்டை நீட்டினாள். காளை போன் போட்டான். அந்தப் பிள்ளை ஒளிந்துகொள்ளவில்லை. பிரியம்வதா என்று பேர் சொல்லி, தல்லாகுளத்தில் வீட்டுக்கு வழியும் சொன்னது.

தெருமுனையில் வண்டியை நிறுத்தியதும் சீனியம்மாள் மகனைத் தடுத்தாள். "நீ வராத. நீ வந்தா சண்டை போடுவ. எனக்குச் சண்டை வேணாம், காரியம் ஆகணும்."

பிரியம்வதா வாசலுக்கே வந்து நின்றாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நாற்காலியைக் காட்டினாள். சீனியம்மாள் உட்காரவில்லை.

"தண்ணி குடிங்கம்மா."

"இருக்கட்டும். படம் எடுக்குறவளாத்தா நீ?"

"எழுதுறவ. நாலஞ்சு பேரு எழுதினோம், நானும் ஒருத்தி. நான் யாருன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

"ஆமா, நாந்தான் சொன்னேன். துட்டிக்கு வந்தவன்னு நெனச்சேன். போயிட்டு வாரேன்னு சொல்லாமப் போனியே, அது தெரிஞ்சா செஞ்ச?"

"எங்க அம்மாச்சி வீட்லயும் அப்படித்தான். சின்ன வயசுலயே தெரியும்."

"அழுதது?"

"அழுதது நெசந்தாம்மா. சத்தியமா." பிரியம்வதாவின் கண் இப்போதும் கலங்கித்தான் இருந்தது.

"எப்ப எழுதுன?"

பிரியம்வதா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"திரும்பி வாரப்ப. பஸ்ஸுலயே. மறந்துருமேன்னு."

கண்ணீர் காய்வதற்கு முன்னால் எழுதியிருக்கிறாள். சீனியம்மாளுக்கு அவளை அடிக்க வேண்டும் என்றும் இல்லை, சபிக்க வேண்டும் என்றும் இல்லை. பெற்ற பிள்ளையாக நினைத்து மடியில் விழுந்து அழுதோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான் நாடகமாத்தா பாத்துக்கிட்டு இருந்தேன்? அவரு தூங்குறாருன்னுதான ஒங்கிட்டச் சொன்னேன்?"

"நான் அப்படித்தாம்மா எழுதினேன். மேல இருக்கவங்க படிச்சுட்டு, பாக்குறவங்களுக்கு யாரு மேலயாவது கோவம் வரணும்னாங்க. களைச்சுப்போய்த் தூங்குற மனுசன் மேல கோவம் வராது, பாவமாத்தான் இருக்கும்னாங்க. நான் சண்டை போட்டேன். முடியல. அதான் பேர மாத்தி, கற்பனைன்னு முன்னாடியே போட்டிருக்கோம்."

"யாருக்குத்தா கற்பனை? எங்க ஊருல போயிச் சொல்லு." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். வந்த காரியம் நினைவுக்கு வந்தது. கையைக் கூப்பிவிட்டாள். "அந்த நாடகம் இருக்கட்டும். என்னைய மூதேவின்னுகூட காட்டிக்க. போன் வந்துச்சுன்னு இருக்கு பாரு, அத மட்டும் எடுத்துரு. நாளைக்கு அவரு வாராரு. அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

"அம்மா, கையைக் கீழ எறக்குங்க, ப்ளீஸ்." பிரியம்வதா அந்தக் கையைப் பிடிக்க வந்தாள். சீனியம்மாள் பின்னால் நகர்ந்தாள். "அது என் கையில இல்லம்மா. வித்தாச்சு. நான் கேட்டாலும் எடுக்கமாட்டாங்க. அந்தச் சீனப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க."

"ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லன்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

சீனியம்மாள் படியிறங்கினாள். தெருமுனையில் காளை வண்டிமேல் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. காளவாசலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து, 'நான் ஞாயித்துக்கெழம வாரேம்மா' என்றான். அந்த மட்டுக்கு அவன் வாரேன் என்று சொன்னதே அவளுக்குப் பெரிசாக இருந்தது.

விலக்கில் இறங்கி நடந்து வீட்டுக்கு வரும்போது பொழுது அடைந்துகொண்டிருந்தது. இந்த விலக்கிலிருந்து ஊருக்கு ஒண்ணரை மைல். நடுவில் ஒரு பாலம். அந்தப் பாலத்தை அவள் இந்த எட்டு வருசத்தில் ஒரு தடவைகூடத் தலை நிமிர்ந்து கடந்ததில்லை.

வீட்டு வாசலில் மொக்கையன் உட்கார்ந்திருந்தான். நாளைக்கு வரவேண்டிய ஆள். உடம்பெல்லாம் சோளத் தூசி. குளிக்கவில்லை. அவனைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"லாரி டிரைவரு போன்ல பாத்தேன்," என்றான்.

"நான் நாடகம் பாக்கலங்க. சத்தியமா நாடகம் பாக்கல. நீங்க அசந்து..."

"தெரியும்."

"போன் வந்தது நெசம். நாந்தான் ஒங்கள எழுப்பல. எம்புட்டு நாளா சொல்லணும்னு..."

"இரு சீனி." அவன் அவளைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்தான். "அந்தப் படத்துல என்னைய எங்கயாச்சும் பாத்தியா? அப்பன்காரன் செத்துப்போயிட்டான்னு வச்சுட்டாக. சுவத்துல ஒரு போட்டாவும் மாலையும். நீ பாக்கலையா? கடைசிப் பாகத்துல வருது. அந்தப் புள்ள அப்பா அப்பான்னு போன்ல கேட்டதே நெனப்புத் தடுமாறித்தானாம்." கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான். "அது சரின்னுதான் எனக்குப் பட்டுச்சு. செத்தவனாத்தான் கெடந்தேன்."

"அசதிதாங்க. மனுசனுக்குத் தூக்கம் வாராதா?"

"நான் தூங்கல."

வாசலில் கோழி ஒன்று கூட்டுக்குள் போகாமல் நின்றது. அவள் அதையே பார்த்தாள்.

"போன் அடிச்சப்பவே முழிச்சுட்டேன். நீ பேசுனது பூராங் கேட்டுச்சு. எந்திரிக்கணுமேன்னு இருந்துச்சு. இடுப்பு முறிஞ்சு கெடக்கேன், இனி சட்டையப் போட்டு, விலக்கு வரைக்கும் நடந்து... அப்படி நெனச்சுக்கிட்டே கெடந்தேன். எழுப்ப மாட்டேன்னு நீ சொன்ன பாரு, அப்பாடான்னு இருந்துச்சு சீனி. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்."

ஆஸ்பத்திரியில், கோர்ட்டில், கருமாதியில், தெவசத்தில் என்று எட்டு வருசம் அவன் சொன்ன வார்த்தை இருக்கிறதே, ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா ஓடிப்போயிருப்பேனே என்று, அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தாள். அத்தனையும் பொய். எழுந்து போய் அவன் நெஞ்சில் ரெண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்தாள். அவன் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் அவன் மேலேயே சாய்ந்து, தூசியும் வேர்வையுமாக இருந்த தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தனித்தனியாக அழுத அழுகையை எட்டு வருசம் கழித்து ஒன்றாக அழுதார்கள். பக்கத்து வீட்டில் தங்கப்பொண்ணுவின் பாத்திரச் சத்தம் நின்றதும், சீனியம்மாள் வாயில் சேலையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மொக்கையன் முகத்தைத் துடைத்தான். "நாளைக்கு நான் கண்மாய்க்கு வாரேன். பத்துப்பேருக்கு முன்னாடி சொல்லிருறேன். அவ நாடகமும் பாக்கல, ஒண்ணும் பாக்கல, கேட்டுக்கிட்டே படுத்துக் கெடந்தவன் நாந்தான்னு. இந்தக் கெட்ட பேரு ஒனக்கு வேணாம்."

அவள் அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

"ஒருத்தருகிட்டயும் மூச்சு விடாதீக. காளைகிட்டகூட."

"ஏன்? ஊரு ஒன்னயல்ல பேசுது."

"பேசிட்டுப் போகட்டும். நீங்க சொன்னா அதையும் எடுத்துருவாக. இன்னும் எட்டுப் பாகம் போடுவாக. அப்பன் அப்பாடான்னு கண்ண மூடுறத, காசு வாங்கிக்கிட்டு எவனோ ஒருத்தன் நடிச்சுக் காட்டுவான். என்னால பாக்க முடியாதுங்க."

அவள் வெந்நீர் வைத்தாள். குளித்துவிட்டு வந்தவனுக்குச் சோறு போட்டாள், தானும் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கண்மாயில் போட்டோ எடுத்து முடிந்து, ஆள்கள் கலைந்தார்கள். தங்கப்பொண்ணு சட்டியில் மண்ணை அள்ளிப் போட்டுத் தூக்கிவிடக் குனிந்தவள், பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள்.

"மதினி, மனசு கேக்கல. நீ அப்படிப்பட்டவ இல்ல. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, இவளுக வாய நான் அடைக்கிறேன். நெசமாவே நாடகமா பாத்துக்கிட்டு இருந்த?"

சீனியம்மாள் சும்மாட்டைத் தலையில் சரியாக வைத்தாள்.

"ஆமா," என்றாள். "நாடகந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தூக்கிவிடு."

தங்கப்பொண்ணு தூக்கிவிட்டாள். சீனியம்மாள் கரையைப் பார்த்து நடந்தாள்.